கேள்வி நேரம்: ஜெயிலா, புருஷன் வீடா?

கேள்வி: வெள்ளைக்காரன் வராமல் இருந்தால் நம் பெண்கள் இன்னும் அடுப்படியிலேயே கிடந்திருப்பார்கள் என்று என் மருமகன் அடித்துச் சொல்கிறார். அப்படியா?
- ஒரு வாசகி, மாட்டுங்கா

பதில்: பாதிதான் உண்மை அம்மா. 1829-ல் உடன்கட்டைக்குத் தடை வந்தது, 1856-ல் விதவை மறுமணச் சட்டம் வந்தது, சரி. ஆனால் மறுமணம் செய்துகொண்டால் முதல் கணவன் சொத்தில் உள்ள உரிமை போய்விடும் என்றும் அதே 1856 சட்டத்திலேயே எழுதிவைத்தார்கள்.

மாப்பிள்ளையை ஒரு நாள் சர்ச்கேட்டில் இறக்கி பம்பாய் ஐகோர்ட் கட்டடத்தைக் காட்டுங்கள். ருக்மாபாய் வழக்கு நடந்த கோர்ட் அது. 11 வயதில் தாதாஜி பிகாஜி என்பவருக்குக் கட்டிவைத்தார்கள், ஆனால் ருக்மாபாய் அம்மா வீட்டிலேயே இருந்து, அம்மாவின் இரண்டாவது கணவர் டாக்டர் சகாராம் அர்ஜுன் ஆதரவில் வளர்ந்தார். 1884-ல் தாதாஜி, மனைவியை என்னிடம் அனுப்பு என்று வழக்குப் போட்டார். மறு வருஷம் நீதிபதி பின்ஹே, இஷ்டமில்லாத பெண்ணை இழுத்துக்கொண்டுபோய் விடுவது காட்டுமிராண்டித்தனம் என்கிற மாதிரி சொல்லித் தள்ளுபடி செய்தார். தாதாஜி அப்பீல் போக எல்லாம் தலைகீழானது. 1887 மார்ச்சில் இன்னொரு நீதிபதி, போய்ச் சேர்ந்து வாழ், இல்லாவிட்டால் ஆறு மாதம் ஜெயில் என்றார். ஜெயிலுக்கே போகிறேன் என்று சொல்லிவிட்டார் ருக்மாபாய்!

இப்படி வழக்குப் போடும் வழியே நம் சாஸ்திரத்தில் கிடையாது, இங்கிலாந்துச் சட்டத்திலிருந்து கப்பலேறி வந்தது என்பதைப் பின்ஹேயே சொன்னார். அதைவிட வேடிக்கை, சேர்ந்து வாழ மறுத்தால் ஜெயில் என்பதை இங்கிலாந்தில் 1884-லேயே எடுத்துவிட்டார்கள், நமக்கு 1923 வரை வைத்திருந்தார்கள். (ஜெயில் தண்டனைதான் ஒழிந்தது, இப்படி வழக்குப் போடும் வழி ஒழியவில்லை, இந்துத் திருமணச் சட்டம் 9-வது பிரிவில் இன்றும் இருக்கிறது.)

கடைசியில் 1888-ல் 2000 ரூபாய் வாங்கிக்கொண்டு தாதாஜி விலகினார். ருக்மாபாய் லண்டன் போய் மருத்துவம் படித்து வந்து சூரத்தில் டாக்டராக இருந்தார். அவருக்கு விடிவு தந்தது எந்தத் துரை என்று மாப்பிள்ளையிடமே கேளுங்கள்.

கேள்வி: அப்போது நம் தலைவர்கள் என்ன செய்தார்கள்?
- இன்னொரு வாசகர், செம்பூர்

பதில்: சீர்திருத்தவாதிகளான ரானடேயும் மலபாரியும் ருக்மாபாய் பக்கம் நின்றார்கள். திலகர் நிற்கவில்லை. அந்நிய சர்க்கார் நம் வீட்டுக்குள் மூக்கை நுழைக்கக் கூடாது என்பது அவர் கட்சி. 1891-ல் சம்மத வயதை (அதற்குக் கீழே மனைவியே ஆனாலும் உறவு கொள்வது குற்றம் என்கிற வயதை) 10-லிருந்து 12 ஆக்கியபோதும் அதையேதான் சொன்னார். இத்தனைக்கும் அதற்குக் கொஞ்ச காலம் முன்னால்தான் கல்கத்தாவில் பூல்மணி என்ற சிறுமி கணவனால் காயப்பட்டுச் செத்திருந்தாள், அவனுக்குக் கிடைத்தது ஒரு வருஷத் தண்டனை.