முராபஹா கேட்கும் முன் ஓவனை வாங்கிவிடாதீர்கள்

சகோதரர், வட்டியில்லாத வங்கிதானே, பேக்கரிக்கு ஓவன் வாங்க முராபஹா கேட்டால் எதற்கு ஒரு வருட வங்கிக் கூற்று, கிரிப் அறிக்கை (உங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் அறிக்கை) எல்லாம் என்று கேட்டிருந்தீர்கள். முராபஹாவில் வங்கி பொருளை முதலில் தன் பெயரில் வாங்கி, லாபம் சேர்த்து உங்களுக்குத் தவணையில் விற்கிறது. அந்த விலை ஒரு தடவை முடிவானால் முடிவானதுதான், நீங்கள் தவணை பிந்தினாலும் அதைக் கூட்டி வங்கி லாபம் எடுக்க முடியாது, தாமதக் கட்டணம் வாங்கினாலும் அது தர்மத்துக்குத்தான் போக வேண்டும். அதனால்தான் ஆளையும் வியாபாரத்தையும் முன்கூட்டியே இவ்வளவு துருவிப் பார்க்கிறார்கள்.

முக்கியமாகப் பார்ப்பது தினசரி வரவு. மாவுக்காரருக்குக் கையில் காசு கொடுத்து, விற்பனைக் காசையும் வீட்டிலேயே வைத்தால் கடை எவ்வளவு நன்றாக ஓடினாலும் கூற்றில் தெரியாது, இன்றிலிருந்தே கணக்கில் போடுங்கள். திரும்பிய காசோலை இருந்தால் காரணத்தை நீங்களாகவே சொல்லிவிடுங்கள்.

அப்புறம், தயவுசெய்து ஓவனுக்கு முற்பணம் கட்டி எடுத்துவிடாதீர்கள். ஏற்கெனவே உங்களுடையதாகிவிட்ட பொருளை வங்கி உங்களுக்கே விற்க முடியாது. விற்பவரிடம் விலைமனு மட்டும் வாங்கிக்கொண்டு போங்கள்.