வயோமிங் சொராரிட்டி வழக்கு: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நாங்கள் கொலராடோவில் இருக்கிறோம். மகள் அடுத்த ஆண்டு கல்லூரிக்குப் போகிறாள், சொராரிட்டியில், அதாவது உறுப்பினர் தங்கச் சொந்த வீடும் வைத்திருக்கும் மாணவியர் சங்கத்தில், சேரவேண்டும் என்று ஆசைப்படுகிறாள். பக்கத்து மாநிலமான வயோமிங்கில் ஒரு திருநங்கை மாணவியை இப்படி ஒரு மாணவியர் சங்கத்தில் சேர்த்ததை எதிர்த்து அங்குள்ள பெண்களே வழக்குப் போட்டு, அது தள்ளுபடி ஆகிவிட்டதாம். எங்கள் வாட்ஸ்அப் குழுவில் பெரிய வாக்குவாதம். எனக்குத் திருநங்கைகள் மேல் எந்த வெறுப்பும் இல்லை. ஆனால் பெண்களுக்கென்று இருக்கும் வீட்டில், அந்தப் பெண்களின் பேச்சுக்கு மதிப்பில்லையா?

ஆர்.

அன்புள்ள ஆர்,

அந்த மாணவியை நீதிமன்றம் சேர்க்கவில்லை, பல்கலைக்கழக நிர்வாகமும் சேர்க்கவில்லை. லாரமி நகரில் இருக்கும் வயோமிங் பல்கலைக்கழகத்தின் காப்பா காப்பா காமா என்ற சொராரிட்டியின் கிளைப் பெண்கள் 2022இல் வாக்களித்துச் சேர்த்தார்கள். அந்த முடிவை ஏற்காத சிலர் 2023 மார்ச்சில் வழக்குத் தொடுத்தார்கள். ஆகவே பெண்களின் பேச்சுக்கு மதிப்பில்லையா என்று கேட்கும்போது, சேர்த்துக்கொள்ளலாம் என்று சொன்னவர்களும் பெண்கள்தான் என்பதை விட்டுவிடக் கூடாது.

1870இல் இல்லினாய் மாநிலத்தில் தொடங்கிய சங்கம் அது. உறுப்பினர் பெண்ணாக இருக்கவேண்டும் என்கிறது விதி, பெண் யார் என்று அதில் விளக்கம் இல்லை. தம்மைப் பெண்ணாக உணர்பவர்களும் சேரலாம் என்று தலைமை 2018லேயே வழிகாட்டிக் குறிப்பில் எழுதிவிட்டது. தனியார் சங்கம் தன் விதிக்குத் தானே பொருள் சொல்லிக்கொள்ளலாம், அதில் தான் தலையிட முடியாது என்று நீதிபதி ஆலன் ஜான்சன் 2023 ஆகஸ்டில் வழக்கைத் தள்ளினார். அதற்கு அவர் துணைகொண்டது 2000ஆம் ஆண்டின் ஓர் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. தன்பாலீர்ப்பாளர் என்பதற்காக ஒரு வழிகாட்டியை வெளியேற்றிய பாய் ஸ்கவுட்ஸ் என்ற சிறுவர் சாரணர் அமைப்புக்கு அந்த உரிமை உண்டு என்று சொன்ன தீர்ப்பு அது. எனக்குக் கசப்பான தீர்ப்பு. ஆனாலும் அதை மறுக்க மாட்டேன். நாளை வேறொரு சொராரிட்டி திருநங்கைகளைச் சேர்ப்பதில்லை என்று முடிவெடுத்தால், அது தவறு என்று உரக்கச் சொல்வேன், நீதிமன்றம் வந்து மாற்றவேண்டும் என்று கேட்கமாட்டேன்.

வழக்குத் தொடுத்தவர்களின் குறைகள் எல்லாவற்றையும் ஒதுக்கிவிடவும் முடியாது. யார் எப்படி வாக்களித்தார் என்று தெரியும்படி கூகுள் படிவத்தில் வாக்கெடுப்பு நடந்தது, எதிர்ப்பது சங்கத்தின் பண்புக்கு விரோதம் என்று நெருக்கினார்கள் என்பது அவர்கள் புகார். அது உண்மையானால் தவறுதான். இருபது வயதுப் பெண்ணுக்குத் தோழிகளின் முகத்தைப் பார்த்துக்கொண்டு 'வேண்டாம்' என்று சொல்வது எளிதல்ல. ரகசிய வாக்குக்காக அவர்கள் போராடியிருந்தால் நானும் அவர்கள் பக்கம் நின்றிருப்பேன்.

ஆனால் மனு அதோடு நிற்கவில்லை. அந்த மாணவியின் உயரத்தையும் எடையையும் எழுதினார்கள். எப்படிப் பார்த்தாள், எப்படி உட்கார்ந்தாள் என்று எழுதினார்கள். அவள் அந்த வீட்டில் குடியிருக்கவே இல்லை. விதியின் பொருள் என்ன என்ற கேள்விக்கு ஒரு பெண்ணின் எடை எதற்கு? அது தொலைக்காட்சி வரை போய், ஊர் பேர் தெரியாதவர்களெல்லாம் அவளை ஏசினார்கள். இதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

அதுவும் லாரமியில். 1998 அக்டோபரில் இதே பல்கலைக்கழக மாணவர் மேத்யூ ஷெப்பர்ட், தன்பாலீர்ப்பாளர், ஊருக்கு வெளியே வேலியில் கட்டப்பட்டு அடித்து நொறுக்கப்பட்டார். உங்கள் மாநிலத்து ஃபோர்ட் காலின்ஸ் மருத்துவமனையில்தான் அவர் உயிர் பிரிந்தது. அந்த ஊரில் ஒரு மாணவியின் பெயரையும் உடலையும் நாடு முழுக்கக் காட்சிப்பொருளாக்குவதற்கு முன் யாராவது ஒரு நிமிடம் யோசித்திருக்க வேண்டும்.

மேல்முறையீட்டில் 2024இல் பலன் கிடைக்கவில்லை. திருத்திய மனுவையும் 2025 ஆகஸ்டில் அதே நீதிபதி தள்ளினார், மறுபடி தொடுக்க இடமில்லாமல். இதற்கிடையே 2025 ஜூனில் மத்திய கல்வித்துறை வயோமிங் பல்கலைக்கழகத்தின் மீது விசாரணை தொடங்கியது. கல்வி நிலையங்களில் பால் பாகுபாட்டைத் தடுக்கும் 1972ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து இத்தகைய சங்கங்களுக்கு 1974இல் விலக்குக் கொடுத்தார்கள். திருநங்கையைச் சேர்த்தால் அந்த விலக்கு போய்விடும் என்கிறது இப்போதைய அரசு. எனக்கு இதுதான் அதிகக் கவலை. வாக்கெடுப்பில் தோற்றால் அடுத்த முறை பேசி ஜெயிக்கலாம். யாரைத் தோழியாக்கலாம் என்று வாஷிங்டன் சொல்ல ஆரம்பித்தால், உங்கள் மகளுக்கும் அங்கே பேச்சு இருக்காது.

மகளிடம் மூன்று கேள்விகளைக் கேட்கச் சொல்லுங்கள்: சேர்க்கை பற்றித் தலைமை எழுதிவைத்திருப்பது என்ன, வாக்கு ரகசியமா, சங்க வீட்டில் தங்கியே ஆகவேண்டுமா. பதில் பிடிக்கவில்லையென்றால் வேறு சங்கம் பார்க்கட்டும். சேர்ந்தால், நீங்கள் எனக்கு எழுதியதைப் போலவே கூட்டத்தில் எழுந்து பேசட்டும், அங்கே ஒரு திருநங்கை மாணவி உட்கார்ந்திருந்தால் அவள் சொல்வதையும் கேட்கட்டும்.