ஏழு பவுன் எந்தச் சம்பிரதாயம்?

கேள்வி: மகளுக்கு அடுத்த மாதம் கல்யாணம். தாலிச் செயினை ஏழு பவுனில் நாங்கள்தான் செய்து தர வேண்டுமாம்; முகூர்த்தத்திலேயே அந்தச் செயினில் கோத்துத்தான் கட்ட வேண்டுமாம். ‘இதுதான் சம்பிரதாயம்’ என்கிறார்கள் மாப்பிள்ளை வீட்டார். உண்மையா? தாலியோடு கோக்கும் உருக்கள் வாங்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?
– ஒரு தாயார், தஞ்சாவூர்

பதில்: செயினில் மூன்று முடிச்சு எப்படிப் போடுவார்களாம்? கொக்கியை மாட்டலாம், அவ்வளவுதான். முடிச்சுக்குத்தான் மஞ்சள் கயிறு. பல வீடுகளில் முதல் முடிச்சு மாப்பிள்ளை, மற்ற இரண்டும் நாத்தனார். செயினுக்கு மாறுவதெல்லாம் பிறகு, மூன்று, ஐந்து, ஏழு என்று ஒற்றைப்படை மாதத்தில் தாலி பிரித்துக் கோக்கும்போது. அப்போதும் மாறாமல், ஆடிப்பெருக்குக்குப் புதுக் கயிறு மாற்றிக்கொள்ளும் பெண்கள் உங்கள் காவிரிக் கரையிலேயே நிறைய உண்டு.

பவுன் கணக்கில் தாலிக்கொடி செய்வது யாழ்ப்பாணத்து வழக்கம். நல்ல நாள் பார்த்து, மாப்பிள்ளை வீட்டில் பொன்னுருக்கு என்னும் தங்கம் உருக்கும் சடங்கு நடத்திச் செய்யக் கொடுப்பார்கள். செய்து போடுவது மாப்பிள்ளை வீடு! உங்கள் சம்பந்திக்கு அந்தப் பாதி மட்டும் காதில் விழவில்லை போலிருக்கிறது.

பெண் வீட்டாரிடம் கேட்டு வாங்கும் ஏழு பவுனுக்கு, அதாவது 56 கிராமுக்கு, வரதட்சணை என்று பெயர். 1961-ஆம் ஆண்டு வரதட்சணைத் தடைச் சட்டப்படி கேட்பதே குற்றம்; 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை சிறை. இதைச் சம்பந்தியிடம் நாசூக்காகச் சொல்ல ஒரு நல்ல மாமா வீட்டில் இருப்பார்.

இனி உருக்கள். தாலி மாப்பிள்ளை வீட்டுடையது. குண்டு, காசு, பவளம் முதலானவை தாய்வீட்டுச் சீர். பல குடும்பங்களில் இதுதான் பங்கீடு. எத்தனை உரு என்பது குலத்துக்குக் குலம் மாறும். வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள்; நகைக்கடையில் கேட்டால் எண்ணிக்கை ஏறிக்கொண்டேதான் போகும்.

2 கிராமுக்குக் குறைந்த நகைக்கு ஹால்மார்க் கட்டாயமில்லை. உருக்கள் பெரும்பாலும் அந்த எடைக்குள் அடங்கிவிடும். ஏமாற்று நடப்பதும் அங்கேதான். ஒவ்வொன்றின் எடையும், 22 காரட் என்பதும் பில்லில் தனித்தனியாக வரட்டும். குண்டுக்குள் அரக்கு அடைத்திருந்தால் அதைக் கழித்துவிட்டுத் தங்கத்துக்கு மட்டும் விலை போடச் சொல்லுங்கள். அரக்குக் குண்டைப் பற்றவைக்கச் சூடு காட்டினால் உள்ளே இருப்பது உருகி வழிந்துவிடும். பவளம் அமிலத்தில் அரிக்கும். செயினை மெருகுக்குக் கொடுக்கும்போது பவளத்தைக் கழற்றி வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.

செயினில் 22 காரட்டைக் குறிக்கும் 916 முத்திரையும், நகைக்கு நகை மாறும் அடையாளக் குறியான எச்.யு.ஐ.டி.யும் (எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்கம்) இருக்க வேண்டும். எடை குறைவாகவும் பார்வைக்குக் கனமாகவும் இருக்கும் உள்கூடு செயின் தினசரி உபயோகத்துக்கு ஆகாது. நசுங்கினால் நிமிர்த்துவது கஷ்டம். தாலியின் வளையம் ஒரே இடத்தில் உரசி உரசி அந்தக் கண்ணி தேயும், அறுவதும் அங்கேதான். கெட்டிக் கண்ணியாக எடுங்கள், வருஷத்துக்கு ஒருமுறை ஆசாரியிடம் காட்டுங்கள்.

பில் மகள் பெயரில் இருக்கட்டும். கல்யாணப் பரிசுகளுக்குப் பட்டியல் எழுதி வைக்க வரதட்சணைத் தடைச் சட்டத்தின் 1985-ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன: பொருள், உத்தேச மதிப்பு, கொடுத்தவர் பெயர், உறவு. மணமக்கள் இருவரும் அதில் கையெழுத்திட வேண்டும். மொய் நோட்டுக்கு ஒருவரை உட்கார வைக்கிறீர்கள் அல்லவா, இதற்கும் ஒருவரை உட்கார வையுங்கள்.