மகள் விரிவாக்கம் படிக்கலாமா? ஒரு தாய்க்குப் பதில்

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தில் மூன்று பயங்கள் இருக்கின்றன. இளநிலை வேளாண்மையை நல்ல மதிப்பெண்ணோடு முடித்த மகள், முதுநிலைக்கு உழவியலையோ தோட்டக்கலையையோ விட்டுவிட்டு, ஆராய்ச்சியில் கண்டதை விவசாயிகளிடம் கொண்டு சேர்க்கும் பாடமான வேளாண் விரிவாக்கத்தைக் கேட்கிறாளே என்பது ஒன்று. "மார்க் குறைஞ்சவங்க எடுக்கிற பாடம் அது" என்று சொந்தக்காரர் ஒருவர் சொன்னது இரண்டு. படித்து முடித்ததும் எங்கோ ஒரு மூலையில், அதுவும் தற்காலிக வேலையில் மாட்டிக்கொள்வாளோ என்பது மூன்று. முதல் இரண்டையும் மனதிலிருந்து எடுத்துவிடுங்கள். மூன்றாவது நியாயமான கேள்வி. இந்தப் பதிலில் பெரும்பகுதி அதற்குத்தான்.

முதலில் வேலை என்னவென்று பார்ப்போம். உளுந்தில் மஞ்சள் தேமல் நோய் வருவது உங்களுக்குத் தெரிந்திருக்கும். வெள்ளை ஈ பரப்புகிறது. இலை மஞ்சளாகிக் காய் பிடிக்காமல் போகிறது. இதைத் தாங்கி வளரும் வம்பன் 8 என்ற ரகத்தைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்டது. வெளியிட்டதோடு வேலை முடியவில்லை. அந்த விதையை ஒரு விவசாயி நம்பி விதைக்க வேண்டும். அதற்காக, கேவிகே எனப்படும், விவசாயிகளுக்குப் பயிற்சியும் செயல்விளக்கமும் தரும் வேளாண் அறிவியல் நிலையத்துக்காரர்கள் அவருடைய வயலிலேயே ஒரு பகுதியில் புது ரகத்தையும், பக்கத்திலேயே அவர் வழக்கமாகப் போடும் ரகத்தையும் விதைக்கச் செய்வார்கள். பூக்கும் சமயத்தில் போய் ஏக்கருக்கு 2 கிலோ 'பயறு ஒண்டர்' என்ற பயிர் ஊட்டச்சத்துக் கலவையை 200 லிட்டர் தண்ணீரில் கலந்து தெளிக்கச் சொல்வார்கள். அறுவடையன்று அக்கம்பக்கத்து விவசாயிகளை அழைத்து வந்து இரண்டு பக்க விளைச்சலையும் அவர்கள் கண்ணெதிரே எடைபோட்டுக் காட்டுவார்கள். முதல்நிலை செயல்விளக்கத் திடல் என்பது இதுதான். எந்த விவசாயியைத் தேர்ந்தெடுப்பது, அடுத்த வருடம் அவர் அந்த விதையைத் தொடர்கிறாரா, விட்டுவிட்டால் ஏன் விட்டார், கூலி ஆள் பிரச்சினையா, வியாபாரி வாங்க மாட்டேன் என்றாரா என்று விசாரித்து ஆராய்ச்சியாளரிடம் திருப்பிச் சொல்வதும் இதே வேலையில் சேர்த்தி. இதற்குப் பயிரும் தெரிய வேண்டும், மனிதர்களும் தெரிய வேண்டும். மார்க் குறைந்தவர்களின் வேலையாக எனக்குத் தெரியவில்லை.

சரி, இந்த வேலையை யார் கொடுக்கிறார்கள்? பெற்றோர் பலருக்கும் குழப்பம் வருவது இங்கேதான்.

இந்தியாவின் முதல் வேளாண் அறிவியல் நிலையம் 1974-ல் புதுச்சேரியில், நம் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் நிர்வாகத்தில்தான் தொடங்கியது. இன்று நாடு முழுவதும் 731 நிலையங்கள். ஒவ்வொன்றிலும் அனுமதிக்கப்பட்ட பணியிடங்கள் 16: தலைவர் ஒருவர், தொழில்நுட்ப வல்லுநர்கள் 6 பேர், பண்ணை மேலாளரையும் சேர்த்துத் திட்ட உதவியாளர்கள் 3 பேர், மீதி அலுவலகப் பணியாளர், ஓட்டுநர், உதவியாளர். அந்த 6 வல்லுநர்களும் ஆளுக்கொரு துறை. உழவியல், தோட்டக்கலை, பயிர்ப் பாதுகாப்பு, மண்ணியல், கால்நடை, மனையியல், விரிவாக்கம் என்று அந்த மாவட்டத்தின் தேவைக்கு ஏற்ப அமையும். ஆக, உங்கள் மகள் விரிவாக்கம் படித்தால் ஒரு நிலையத்தில் அவளுக்கென்று பொதுவாக ஓர் இடம்தான். உழவியல் படித்தாலும் அதே கணக்குதான். பாடத்தை மாற்றினால் வேலை கூடும் என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

எல்லா நிலையங்களுக்கும் பணம் வருவது ஐசிஏஆர் எனப்படும் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்திடமிருந்து. ஆனால் நியமன ஆணையில் கையெழுத்துப் போடுவது, அந்த நிலையத்தை நடத்தும் நிறுவனம். சந்தியூர், பாப்பாரப்பட்டி, விரிஞ்சிபுரம், நீடாமங்கலம் போன்ற நிலையங்கள் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கையில் இருக்கின்றன. அங்கே இருப்பவர்கள் பல்கலைக்கழக ஆசிரியர்கள். இன்று நிலையத்தில் இருப்பவர் நாளை கல்லூரிக்கோ ஆராய்ச்சி நிலையத்துக்கோ மாறுதலாகிப் போவார். குன்னூரில் உபாசி, கோபிசெட்டிபாளையத்தில் மைராடா என்று சங்கங்களும் தொண்டு நிறுவனங்களும் நடத்தும் நிலையங்களும் உண்டு. அங்கே சேர்ந்தால் பெரும்பாலும் ஒரே ஊரில்தான் பணிக்காலம் முழுவதும். மூன்றாவது வகை, ஐசிஏஆரின் ஆராய்ச்சி நிறுவனங்களே நேரடியாக நடத்துபவை. பக்கத்துக் கேரளத்தில் காசர்கோடு, எர்ணாகுளம் நிலையங்கள் அப்படிப்பட்டவை.

வெளியிலிருந்து பார்த்தால் மூன்றுக்கும் ஒரே பெயர்ப்பலகை. உள்ளே பதவி உயர்வு விதி, மாறுதல், ஓய்வுக்காலப் பலன் எல்லாமே வேறு வேறு. ஐசிஏஆர் நேரடியாக நடத்தும் நிலையங்களில் இருப்பவர்களுக்குக் கிடைப்பதெல்லாம் தங்களுக்கும் வேண்டும் என்று மற்ற நிலையங்களின் பணியாளர்கள் பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறார்கள். "கேவிகே-யில் வேலை" என்ற சொல்லை மட்டும் கேட்டுச் சந்தோஷப்படவும் வேண்டாம், பயப்படவும் வேண்டாம். யார் நடத்தும் நிலையம் என்பதுதான் முதல் கேள்வி.

இதை வீட்டில் உட்கார்ந்தபடியே தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. விரிவாக்கம் படிக்க நினைக்கும் எல்லோரிடமும் நான் இதைத்தான் முதலில் செய்யச் சொல்கிறேன். ஒவ்வொரு நிலையமும் ஆண்டறிக்கை தயாரிக்கிறது. அதன் தொடக்கப் பக்கங்களிலேயே பணியாளர் நிலவரம் என்று ஓர் அட்டவணை இருக்கும். அனுமதிக்கப்பட்ட பணியிடம், அதில் இருப்பவர், அவருடைய துறை, சம்பள விகிதம், சேர்ந்த தேதி, நிரந்தரமா தற்காலிகமா என்பதெல்லாம் கட்டம் கட்டமாக இருக்கும். மகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு நாலைந்து மாவட்டங்களின் அட்டவணையை எடுத்துப் பாருங்கள்.

முதலில் "காலி" என்று எத்தனை கட்டத்தில் போட்டிருக்கிறது என்று எண்ணுங்கள். இரண்டு மூன்று ஆண்டு அறிக்கைகளில் அதே கட்டம் காலியாகவே இருந்தால், அந்த இடத்தை நிரப்பும் அவசரம் அங்கே யாருக்கும் இல்லை என்று பொருள். அதை நம்பித் திட்டம் போட முடியாது. அடுத்து சேர்ந்த தேதி. எல்லோருமே ஓரிரு வருடத்துக்குள் சேர்ந்தவர்களாக இருந்தால் பல்கலைக்கழக மாறுதலாக இருக்கலாம், அல்லது ஆட்கள் நிலைக்காத இடமாகவும் இருக்கலாம். விசாரிக்க வேண்டும். தலைவர் பெயருக்குப் பக்கத்தில் "பொறுப்பு" என்று இருந்தால் அந்தப் பதவியும் முறையாக நிரப்பப்படவில்லை. கடைசியாக, விரிவாக்கத் துறைக்கான கட்டத்தில் யார் இருக்கிறார் என்று பாருங்கள். விரிவாக்கம் படித்தவரே இருக்கிறாரா, வேறு துறைக்காரர் கூடுதலாகப் பார்த்துக்கொள்கிறாரா? இந்த நிலையங்களைப் பார்த்து முடிக்கும்போது, என்னைப் போன்றவர்கள் சொல்வதைவிடத் தெளிவான படம் உங்கள் மகளுக்குக் கிடைத்துவிடும்.

அதேபோல் பல்கலைக்கழகத்தின் விரிவாக்கக் கல்வி இயக்ககத்திலிருந்து வரும் செய்திகளையும் அவள் தொடர்ந்து படிக்கட்டும். யார் ஓய்வு பெற்றார், யார் எங்கே மாறினார், எந்த நிலையத்தில் என்ன பயிற்சி, எந்தத் திட்டத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்பதெல்லாம் பொதுவாகப் பார்ப்பவருக்குச் சலிப்பான தகவல். வேலை தேடும் பிள்ளைக்கு அதில் விஷயம் இருக்கிறது. ஓய்வு பெற்றவரின் இடம் எப்போது நிரப்பப்படுகிறது என்று இரண்டு வருடம் கவனித்தாலே அந்த நிறுவனத்தின் வேகம் பிடிபட்டுவிடும்.

இப்போது தேர்வுகள். தொழில்நுட்ப வல்லுநர் பதவிக்கு முதுநிலைப் பட்டம் அவசியம். ஐசிஏஆர் நிறுவனங்களின் நிலையங்களில் இது தொழில்நுட்பப் பணியாளர் தரவரிசையில் டி-6 நிலை. தொடக்க அடிப்படைச் சம்பளம் 56,100 ரூபாய். வேளாண் விஞ்ஞானிகள் தேர்வு வாரியம் விஞ்ஞானி தேர்வு, உதவிப் பேராசிரியர் தகுதிக்கான நெட் தேர்வு ஆகியவற்றோடு சேர்த்து இதற்கும் தேர்வு நடத்துகிறது. விரிவாக்கம் அதில் ஒரு பாடம். ஒரு விஷயத்தை மட்டும் முன்கூட்டியே யோசித்துக்கொள்ளுங்கள்: இந்த வழியில் தேர்வானால் வேறு மாநிலத்தில் பணியிடம் வரலாம். விரிவாக்கப் பணியில் விவசாயியின் மொழி தெரியாமல் ஒரு நாள்கூட ஓட்ட முடியாது. போகத் தயார் என்றால் இந்தி இப்போதிருந்தே பழகட்டும். தமிழ்நாட்டில்தான் இருக்க வேண்டும் என்றால் பல்கலைக்கழக உதவிப் பேராசிரியர் பணியை இலக்காக வைத்து, நெட் தேர்ச்சியையும் முனைவர் பட்டத்தையும் நோக்கிப் போகட்டும். அது நீண்ட பாதை. வீட்டில் அதற்கு வசதி இருக்கிறதா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

இன்னொரு கதவு அவள் கையில் இருக்கும் இளநிலைப் பட்டத்துக்கே திறந்திருக்கிறது. டிஎன்பிஎஸ்சி நடத்தும் வேளாண்மை அலுவலர் (விரிவாக்கம்) தேர்வு. சம்பளம் 37,700 ரூபாயில் தொடங்கும் மாநில அரசுப் பணி. முதுநிலை படித்துக்கொண்டே இதற்குத் தயாராகலாம். அறிவிக்கை வந்தால் விடவே கூடாது. வேளாண் அறிவியல் நிலையங்களில் திட்ட உதவியாளர் பணிக்கும் இளநிலைப் பட்டம் போதும். வங்கியின் வேளாண் கள அலுவலர் தேர்வு, நபார்டு தேர்வு இரண்டையும் உங்கள் கடிதத்தில் குறிப்பிட்டிருந்தீர்கள். தாராளமாக எழுதட்டும். விரிவாக்கம் படிப்பதால் அந்த வழி எதுவும் அடைபடாது.

தற்காலிக வேலை பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. பல்கலைக்கழகத் திட்டங்களில் ஆராய்ச்சி உதவியாளர், தொழில்நுட்ப உதவியாளர் என்று தொகுப்பூதியத்தில் நேர்முகம் வைத்து எடுப்பார்கள். விரிவாக்கப் பணிக்கான அட்மா என்ற அரசுத் திட்டத்தில் வட்டாரத் தொழில்நுட்ப மேலாளர், உதவித் தொழில்நுட்ப மேலாளர் பணிகளும் ஒப்பந்த அடிப்படைதான். அனுபவத்துக்கு இவை நல்லவை. ஆபத்து என்னவென்றால், மாதம் பிறந்தால் கையில் பணம் வருகிறது, வேலையும் பிடித்திருக்கிறது என்று பிள்ளைகள் தேர்வுக்குப் படிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். திட்டம் முடியும்போது முப்பது வயது தாண்டியிருக்கும். ஐசிஏஆர் வல்லுநர் பணிக்குப் பொதுப் பிரிவில் வயது வரம்பு 35. அதனால் தற்காலிகப் பணியில் சேர்வதென்றால் எத்தனை வருடம் என்று சேரும் முன்பே வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள். என் கருத்து, இரண்டு வருடத்துக்கு மேல் வேண்டாம்.

"பெண் பிள்ளை ஊர் ஊராக அலைவாளே" என்ற உங்கள் கவலைக்கு வருகிறேன். அலைச்சல் உண்டு. நிலையங்கள் பலவும் பேருந்து நிலையத்திலிருந்து தள்ளி, பண்ணையோடு சேர்ந்து இருக்கும். விவசாயி வயலில் இருக்கும் நேரம் காலை என்பதால் சீக்கிரம் கிளம்ப வேண்டியிருக்கும். நிலையத்தில் வாகனமும் ஓட்டுநரும் உண்டு. வயலுக்குப் போவது பெரும்பாலும் இரண்டு மூன்று பேராகத்தான். இறுதியாண்டில் ஊரக வேளாண் பணி அனுபவத்துக்காகக் கிராமத்தில் தங்கியிருப்பாளே, அந்த நாட்கள் எப்படிப் போயின என்று அவளிடமே கேளுங்கள். அதைப் பற்றிச் சொல்லும்போது முகம் மலர்ந்தால், அவள் இந்தப் பாடத்தைக் கேட்பதன் காரணம் அதில்தான் இருக்கிறது. முகம் சுளித்தால் விரிவாக்கம் வேண்டாம் என்று நானே சொல்வேன்.

மகளுக்கும் இரண்டு வார்த்தை. பல்கலைக்கழகத்தின் அக்ரிடெக் இணையதளம், வேளாண் துறையோடு சேர்ந்து வெளியிடும் பயிர் சாகுபடிக் கையேடு, "உழவரின் வளரும் வேளாண்மை" மாத இதழ், அரசின் உழவன் செயலி எல்லாம் பரீட்சைக்காக மட்டும் இல்லை. கையேட்டில் ஒரு பயிரை எடுத்து, உன் ஊர் விவசாயி ஒருவர் படித்தால் புரியும்படி ஒரே பக்கத்தில் தமிழில் எழுதிப் பார். "ஹெக்டேருக்கு" என்று இருப்பதை ஏக்கருக்கு மாற்று. மருந்தின் அளவைப் பத்து லிட்டர் தெளிப்பானுக்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டுக் கொடு. அவர் படித்துவிட்டுக் கேட்கும் கேள்விகளைக் குறித்து வைத்துத் திருத்தி எழுது. இப்படி ஐந்தாறு பக்கம் சேர்ந்தால் எந்த நேர்முகத்திலும் எடுத்துக் காட்டலாம். ஆய்வேட்டுக்கும் கேள்விப் பட்டியலை நிரப்பி வாங்கி வரும் தலைப்போடு நின்றுவிடாதே. ஒரு நிலையத்தோடு சேர்ந்து, ஒரு செயல்விளக்கத் திடலை விதைப்பு முதல் அறுவடை வரை பின்தொடரும் தலைப்பாகக் கேள்.

சொந்தத் தொழில் பற்றி உங்கள் கணவர் கேட்டிருந்தார். ஐதராபாத்தில் உள்ள மேனேஜ் எனப்படும் தேசிய வேளாண் விரிவாக்க மேலாண்மை நிறுவனத்தின் மேற்பார்வையில், பட்டதாரிகள் சொந்தமாக விவசாயிகளுக்கு ஆலோசனையும் சேவையும் தரும் வேளாண் மருந்தகம், வேளாண் வணிக மையம் திட்டம் 2002 முதல் நடக்கிறது. வேளாண் பட்டதாரிகளுக்கு 45 நாள் பயிற்சி இலவசம். தனிநபருக்கு 20 லட்சம் வரை கடன், பெண்களுக்கு 44 சதவீத மானியம் என்பது திட்டத்தின் விதி. படித்த உடனே இறங்க வேண்டாம். மூன்று நான்கு வருடம் விவசாயிகளோடு பழகிய பிறகு யோசிக்கலாம்.

சேர்க்கைக் கட்டணம் கட்டக் கடைசித் தேதி எது என்று நீங்கள் எழுதவில்லை. அதற்கு ஒரு வாரம் முன்பாவது, உங்கள் மாவட்டம் உட்பட ஐந்து நிலையங்களின் பணியாளர் அட்டவணையை எடுத்து, மகள் கையாலேயே ஒரு தாளில் குறிப்பெழுதி எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். கூடவே நான்காண்டு மதிப்பெண் பட்டியலும், வெளிமாநிலம் போகச் சம்மதமா என்ற ஒரு வரியும் இருக்கட்டும். எந்தத் தேர்வை முதலில் எழுதுவது என்று மூவரும் சேர்ந்து முடிவு செய்வோம்.