பாலம் வந்தது, பஸ் எங்கே?

கேள்வி: அக்கா, மட்டக்களப்பு வாவிமேல் எங்கட மண்முனைப் பாலம் ஜப்பான் காசில் வந்தது. இப்போது நிலைபேறான (சுற்றுச்சூழலைக் கெடுக்காமல் நீண்டகாலம் நிலைக்கிற) போக்குவரத்துக்கு வெளிநாட்டு உதவி என்று கூட்டத்துக்குக் கூட்டம் பேசுகிறார்கள். பஸ்ஸை நம்பியிருக்கிற எங்களுக்கு அதில் என்ன கிடைக்கும்?
- வாசகி ஒருவர், மகிழடித்தீவு

பதில்: தங்கச்சி, பாலத்தைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது. மண்முனையில் பாதைக்கு, அதாவது வாவியைக் கடக்கிற மிதவைக்கு, காத்துக் கிடந்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். காற்று எழும்பினால் பாதை நின்றுவிடும். பிள்ளைத்தாச்சியை ஏற்றிக்கொண்டு வலையிறவுப் பாலத்தாலோ பட்டிருப்புப் பாலத்தாலோ சுற்ற வேண்டும். 2014இல் 210 மீற்றர் பாலம் திறந்தபிறகு அந்த அலைச்சல் ஒழிந்தது. அறுகம்பேப் பாலமும் சுனாமிக்குப் பிறகு அமெரிக்க உதவியில் எழுந்ததுதான்.

ஆனால் பாலத்துக்குக் காசு தருகிறவர்கள் அதன்மேல் ஓடும் பஸ்ஸுக்குத் தருவது அரிது. பாலம் ஒருமுறைச் செலவு. பஸ்ஸுக்கோ டீசல், சாரதி சம்பளம், உதிரிப்பாகம் என்று வருஷா வருஷம் கொட்ட வேண்டும். என் அக்காவின் மகள் மட்டக்களப்பு டவுனில் புடவைக் கடையில் வேலை செய்கிறாள், வீடு கொக்கட்டிச்சோலையில். கடை மூடி அவள் வெளிக்கிடும்போது வாவியின் மேற்குக் கரையான படுவான்கரைக்குப் போகிற கடைசி பஸ் போயிருக்கும். கல்முனை பஸ்ஸில் தொற்றி ஆரையம்பதியில் இறங்கி, அங்கிருந்து ஓட்டோ. பாலம் இருக்கிறது, கடந்து போகத்தான் அவளுக்கு வண்டி இல்லை.

உலகில் காசு இல்லாமல் இல்லை. 2012இல் ரியோ மாநாட்டில் உலக வங்கி, ஆசிய அபிவிருத்தி வங்கி உட்பட எட்டு வங்கிகள், வளரும் நாடுகளின் நிலைபேறான போக்குவரத்துக்குப் பத்தாண்டில் 175 பில்லியன் டொலர் தருவதாகச் சொல்லின. 2023 தொடக்கத்தில் இந்திய உதவியில் 75 பஸ்கள் இலங்கைப் போக்குவரத்துச் சபைக்கு வந்தன. ஆகவே பஸ்ஸும் கேட்டால் கிடைக்கும். பிரதேச ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்தில் வீதி கேட்கும்போதே இரவு எட்டு மணி பஸ்ஸையும், நிழல் உள்ள தரிப்பிடத்தையும், சைக்கிளுக்கு ஓர் ஓரத்தையும் சேர்த்துக் கேளுங்கள். மட்டக்களப்பு மேடு பள்ளமில்லாத ஊர். 2022இல் பெற்றோல் இல்லாத மாதங்களில் நம்மைச் சுமந்தது சைக்கிள்தானே? கல்லடியில் 2013இல் புதுப்பாலம் வந்தபிறகும் பழைய இரும்புப் பாலத்தை இடிக்காமல் சைக்கிளுக்கும் நடைக்கும் உதவ விட்டது எவ்வளவு நல்ல காரியம்!

கேள்வி: கடனில் மூழ்கிய நாடு போக்குவரத்துக்கும் கடன் வாங்கலாமா?
- வாசகர் ஒருவர், அக்கரைப்பற்று

பதில்: தம்பி, முதலில் நன்கொடையைக் கேட்போம். மண்முனை அப்படி வந்ததுதான். கடன் வேலை நடுவழியில் நிற்கும் ஆபத்தும் உண்டு: 2022 ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடன் கட்டுவதை நிறுத்தியதோடு ஜப்பானின் கடன் திட்டங்கள் முடங்கின, 2024 ஜூலையில்தான் மீண்டும் தொடர ஜப்பான் இணங்கியது. என்றாலும் மட்டக்களப்போடு நிற்கிற தண்டவாளத்தைக் கல்முனை, அக்கரைப்பற்று தாண்டிப் பொத்துவில்வரை நீட்டுவதற்கென்றால் கடனுக்கும் நான் சம்மதம்.