பிரைமரைக் காட்ட மென்பொருள் வாங்க வேண்டுமா?

கேள்வி: வந்தாறுமூலை கம்பஸில் இறுதியாண்டு படிக்கிறேன். வயலில் பிடித்த கபிலநிறத் தத்தியின் சிஓஐ மரபணுவை (இனத்தை அடையாளம் காணப் பயன்படுவது) பிசிஆர் முறையில் நகலெடுத்துப் பெருக்க எல்சிஓ1490, எச்சிஓ2198 என்ற பிரைமர் சோடியை, அதாவது பெருக்க வேண்டிய துண்டின் இரு முனைகளிலும் ஒட்டும் சிறு டிஎன்ஏ துண்டுகளை, தெரிவு செய்திருக்கிறேன். அவை மரபணுவில் எங்கே ஒட்டுகின்றன என்று ஆய்வறிக்கையில் படமாகக் காட்ட வேண்டும். ஜென்பேங்க் என்ற பொதுத் தரவுத்தளத்தில் எடுத்த 658 எழுத்து டிஎன்ஏ வரிசையில் இலவச மென்பொருள் ஒன்றால் தேடினேன், இரண்டுமே கிடைக்கவில்லை. ஸ்னாப்ஜீன் என்ற மென்பொருளை வாங்கினால்தான் சரிவரும் என்கிறார்கள். டொலரில் கட்ட என்னிடம் கார்ட் இல்லை. நண்பர் ஒருவர் கிராக் செய்த பிரதி தருகிறாராம். வாங்கலாமா?

பதில்: வேண்டாம் மகள், காசும் கொடுக்க வேண்டாம், கிராக்கும் வேண்டாம். ஆய்வு முழுக்க அந்த ஒரு லப்டொப்பில்தான் இருக்கும். கிராக்கோடு வைரஸ் வந்தால் ஒரு வருட உழைப்பு போய்விடும்.

உங்கள் சிக்கல் மென்பொருளில் இல்லை, வரிசையில் இருக்கிறது. 1994இல் ஃபோல்மர் குழுவினர் வெளியிட்ட இந்தச் சோடி பெருக்கித் தருவது சுமார் 710 எழுத்து. அதில் ஒரு முனையில் 25, மறுமுனையில் 26 எழுத்து பிரைமருடையவை. அவற்றை வெட்டிவிட்டுத்தான் பெரும்பாலும் ஜென்பேங்கில் போடுவார்கள். மிஞ்சுவதுதான் அந்த 658. பிரைமர் ஒட்டும் இடமே இல்லாத வரிசையில் எவ்வளவு விலையான மென்பொருளாலும் அதைக் காட்ட முடியாது. அதே பூச்சியின், சிஓஐ மரபணுவும் அடங்கிய முழு மைற்றோகொண்ட்ரியா வரிசையும் ஜென்பேங்கில் உண்டு. ஜென்பேங்க் கோப்பாகவே அதை இறக்குங்கள்; மரபணுக்களின் எல்லைகளும் சேர்ந்து வரும்.

அதிலும் ‘அப்படியே பொருந்த வேண்டும்’ என்று தேடினால் கிடைக்காமல் போகலாம். இவை பலவகை உயிரினங்களுக்குப் பொதுவாக வடிவமைத்த பிரைமர்கள், உங்கள் தத்தியில் சில எழுத்துகள் மாறியிருக்கலாம். எச்சிஓ2198 எதிர் இழையில் ஒட்டுவது என்பதால் இரண்டு இழையிலும் தேட வேண்டும்.

இதற்கு யூஜீன் போதும் என்பது என் எண்ணம். முற்றிலும் இலவசம், திறந்த மூலம், இன்டர்நெட் இல்லாமலும் ஓடும். அதில் கணினியிலேயே பிசிஆர் செய்துபார்க்கும் பகுதி இருக்கிறது. இரண்டு பிரைமரையும் போட்டு, எத்தனை எழுத்து வரை பொருந்தாமல் இருக்கலாம் என்று சொல்லிவிட்டால், ஒட்டும் இடங்களையும் நடுவில் வரும் துண்டின் நீளத்தையும் காட்டும். இன்னும் எளிமையாக வேண்டுமென்றால் யூட்டா பல்கலைக்கழகத்தில் உருவான ஏ பிளாஸ்மிட் எடிட்டர் இருக்கிறது, அதுவும் இலவசம். பெஞ்ச்லிங் படத்துக்கு அழகு, கல்வித்துறையினரிடம் காசு வாங்குவதில்லை. ஆனால் இணையத்தில்தான் ஓடும், லைன் போனால் வேலையும் நிற்கும்.

படம் வந்ததும் இரண்டு அம்புகளும் ஒன்றையொன்று பார்க்கின்றனவா, நீளம் 710க்குக் கிட்ட வருகிறதா என்று பாருங்கள். அப்புறம் ஒவ்வொரு பிரைமரின் 3' முனையையும் பாருங்கள், புதிய இழை வளரத் தொடங்குவது அங்கேதான். பொருந்தாத எழுத்து அந்த முனையின் கடைசி எழுத்துகளில் விழுந்திருந்தால் பிசிஆர் ஓடாமலே போகலாம். பிரைமருக்கு ஓடர் கொடுக்க முன்னர் அந்தப் படத்தை உங்கள் மேற்பார்வையாளரிடம் காட்டிவிடுங்கள்.