ஓடிப்போக எவ்வளவு ஆகும்?

கேள்வி: ஆங்கிலக் காதல் நாவல்களில் அந்தஸ்து குறுக்கே வந்ததும் முந்நூறு பக்கத்துக்குப் புழுங்குகிறார்களே, ஏன்? நம் ஊர்ப் பிள்ளைகள் மாதிரி ஓடிப்போய்க் கட்டிக்கொள்ள வேண்டியதுதானே?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: 'ஓடிப்போய்' என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டீர்கள். எங்கே ஓடுவது? எதில்? வண்டிக்கூலி யார் தருவது? நம் சினிமாக் கதாநாயகி ஒரு தோள்பையோடு ஓடுகிறாள். அந்தப் பைக்குள் என்ன இருக்கிறது என்று எந்த இயக்குநரும் திறந்து காட்டுவதில்லை. சங்கப் புலவர்கள் இதற்கு 'உடன்போக்கு' என்று பெயர் வைத்தார்கள். போனார்கள், ஓடவில்லை. பாலை வெயிலில் ஓடித்தான் பாருங்களேன்.

அக்கால இங்கிலாந்தில் ஓடுகிறவர்களுக்குத் திசை பெரும்பாலும் ஒன்றுதான், வடக்கு. காரணம், ஹார்ட்விக் பிரபு 1753-இல் கொண்டுவந்த திருமணச் சட்டம். யூதரும் குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினரும் தவிர மற்ற எல்லோரும் ஆங்கிலிக்கன் கோயிலில், அதாவது இங்கிலாந்து அரசுத் திருச்சபையின் கோயிலில்தான், மணக்க வேண்டும் என்றது அது. முன்னதாக மூன்று ஞாயிறு அறிவிப்பு. நம் ஊர்க் கிறிஸ்தவர்கள் இன்றும் 'ஓலை வாசிப்பது' என்கிறார்களே, அதேதான். ஓலை வேண்டாமென்றால் லைசென்ஸ் வாங்கலாம். ஆனால் 21 வயது நிரம்பாதவருக்கு அப்பா சம்மதம் வேண்டும், இல்லையேல் கல்யாணமே செல்லாது. ஓலைக்கு யாரும் கையெழுத்துக் கேட்பதில்லை. ஆனால் அப்பா எழுந்து நின்று 'ஆட்சேபிக்கிறேன்' என்றால் போச்சு. அதனால் விவரமான ஜோடிகள் லண்டனில் ஜனம் நெரியும் பெரிய பங்குகளில் (ஒரு கோயிலுக்கு உட்பட்ட வட்டாரம்தான் பங்கு) ஓலை வாசிக்க வைத்தார்கள். பெயர் காதில் விழுந்தாலும் யாருக்கு யாரைத் தெரியும்? சட்டத்தை மீறி மணமுடித்து வைக்கும் பாதிரியாருக்கு 14 வருட நாடுகடத்தல். பதிவேட்டில் பொய்யாக எழுதினால் தூக்கு. காதலுக்கு இவ்வளவு பயந்தவர்கள் பாதி உலகத்தை எப்படிப் பிடித்தார்களோ!

சட்டம் ஸ்காட்லாந்து எல்லையோடு நின்றுவிட்டது. அங்கே பையனுக்கு 14, பெண்ணுக்கு 12 ஆகியிருந்தால் போதும். இரண்டு சாட்சிகள் முன்னால் கணவன் மனைவி என்று சொல்லிக்கொண்டால் முடிந்தது. எல்லை தாண்டியதும் வருகிற கிரெட்னா கிரீன் கிராமத்தின் கொல்லுப்பட்டறை இப்படித்தான் கல்யாண மண்டபமானது. (1856-இல் சட்டம் போட்டு, ஒருவராவது 21 நாள் ஸ்காட்லாந்தில் தங்கியிருக்க வேண்டும் என்றதும் வியாபாரம் படுத்தது.)

இப்போது கூலிக்கு வருவோம். லண்டனிலிருந்து கிரெட்னா 300 மைலுக்கு மேல். இரட்டைக் குதிரை வாடகை வண்டிக்கு மைலுக்கு ஒரு ஷில்லிங் என்று குறைத்தே வைத்தாலும் 15 பவுன் (நகைப் பவுன் அல்ல, இங்கிலாந்துக் காசு; இருபது ஷில்லிங் ஒரு பவுன்). பத்துப் பதினைந்து மைலுக்கு ஒருமுறை குதிரை மாற்ற வேண்டும். சுங்கச்சாவடிக் காசும் வண்டியோட்டிக்கு இனாமும் தனி. பின்னால் அப்பா துரத்துகிறார் என்றால் நாலு குதிரை; கூலியும் இரட்டிப்பு. வீட்டு வேலைக்காரப் பெண் பலருக்கு வருடச் சம்பளமே இந்த 15 பவுனைத் தொடாது.

இது தெரிந்தால்தான் ஜேன் ஆஸ்டின் 1813-இல் வெளியிட்ட 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' நாவலில் ஒரு வண்டி மாறியதற்கு வீடே ஏன் பதறுகிறது என்று புரியும். பதினாறு வயது லிடியா, கிரெட்னா கிரீன் போவதாகக் கடிதம் எழுதிவைத்துவிட்டு விக்கம் என்ற படை அதிகாரியோடு பிரைட்டனிலிருந்து கிளம்புகிறாள். தேடிப்போனவர் லண்டன் ஓரத்துக் கிளாப்பம் வரை தடம் பிடிக்கிறார். அங்கே ஜோடி வந்த வண்டியை அனுப்பிவிட்டு ஹாக்னி வண்டிக்கு மாறியிருக்கிறது. ஹாக்னி என்பது லண்டன் ஊருக்குள் ஓடும் வாடகை வண்டி. மாம்பலத்தில் ஆட்டோ ஏறுகிறவன் காசிக்கா போவான்? அவனுக்குக் கல்யாண உத்தேசமே இல்லை என்பதை ஆஸ்டின் ஒரு வண்டியை வைத்தே சொல்லிவிடுகிறார்.

பிறகு, லிடியாவின் அக்காவைக் காதலிக்கும் பணக்கார டார்சி பணம் கொடுத்துக் கட்டிவைக்கிறார்: விக்கமின் ஆயிரம் பவுனுக்கு மேற்பட்ட கடன், லிடியா பெயரில் இன்னொரு ஆயிரம், பட்டாளத்தில் ஒரு பதவி. கல்யாணம் செயின்ட் கிளெமென்ட் கோயிலில். ஏன் அங்கே? விக்கம் குடியிருந்த அறை அந்தப் பங்கில். ஏன் காலை பதினோரு மணிக்கு? மதியம் பன்னிரண்டு தாண்டினால் அன்றைக்குக் கல்யாணம் கிடையாது. ஆஸ்டினின் கதையில் சட்டம் இப்படித்தான் வரும், வண்டியாகவும் கடிகாரமாகவும்.

அந்தஸ்து என்றால் எப்போதும் மேல்குடி கீழ்குடியைத் தள்ளிவைப்பது என்றும் நினைக்காதீர்கள். 1782-இல் கிரெட்னாவுக்கு ஓடியவர் வெஸ்ட்மர்லண்ட் பிரபு. பெண், வங்கி முதலாளி ராபர்ட் சைல்டின் ஒரே மகள். பிரபு மாப்பிள்ளையை வேண்டாமென்றவர் வங்கிக்காரர்! சில வாரங்களில் அவர் இறந்துபோனார்; உயிலில் சொத்தை மகளின் மூத்த மகனுக்கு, அதாவது அடுத்த பிரபுவுக்கு, வராதபடி எழுதிவிட்டார். அது மூத்த பேத்தி சாரா சோஃபியாவுக்குப் போனது. அந்தப் பேத்திதான் பின்னாளில் ஜெர்சி சீமாட்டி. சைல்ட் வங்கியின் மூத்த பங்குதாரர். லண்டன் ஆல்மாக்ஸ் நடனக் கூடத்தில் யாருக்கு அனுமதிச் சீட்டு, யாருக்கு இல்லை என்று தீர்மானித்த அம்மாக்களில் ஒருவர். ஓடிப்போனவர்களின் மகள் வாசலில் உட்கார்ந்து வடிகட்டினார். 1845-இல் அவருடைய மகள் அடிலா ஒரு பட்டாளக் கேப்டனோடு கிளம்பிப் போனாள். எங்கே என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இனி என் பழைய வழக்கு. வாசகர்கள் நமக்கு எழுதி அனுப்பும் காதல் கதைகளில் பாதி, பதிவாளர் அலுவலகத்தில் ஐந்து நிமிடத்தில் மாலை மாற்றி முடிகின்றன. கலப்பு மதக் காதலர்கள் 1954 சிறப்புத் திருமணச் சட்டத்தில் போனால், முதலில் ஒருவராவது அந்த மாவட்டத்தில் 30 நாள் இருந்திருக்க வேண்டும். மனு கொடுத்தபின் அறிவிப்பை அலுவலகத்தில் ஒட்டி, ஆட்சேபத்துக்கு இன்னும் 30 நாள். நிரந்தர முகவரி வேறு மாவட்டம் என்றால் நகல் அந்த ஊர் அதிகாரிக்கும் போகும், அங்கேயும் ஒட்டப்படும். சித்தப்பா அந்தப் பக்கம் பத்திரம் பதியப் போகும் நாளில்தான் கதையே ஆரம்பிக்கிறது. இதை ஒருவரும் எழுதி அனுப்புவதில்லை.

அடுத்த மாதக் கதைகளுக்கு விதி: பஸ் டிக்கெட்டின் விலை, பையனின் சம்பளம், அறை வாடகை மூன்றும் கதைக்குள் இருக்க வேண்டும். அப்பாவுக்கு மாரடைப்பு வந்தால் கதை திரும்பி வரும்.